ஒட்டடைக்குச்சியின் இடது கை

ஆஸ்பத்திரிக் கழிப்பறை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு போய்விட்டது. கோச் பாய்ந்து மிச்சமிருந்த காலைப் பிடித்தார்.

"விடுங்க சார்! நான் போயிடறேன்!"

"எங்கடா போவ? கீழ ரெண்டு மாடி இருக்கு. உள்ள வாடா!"

ஒற்றைக் கையால் ஜன்னல் சட்டத்தைப் பற்றித் தொங்கினான் ஒட்டடைக்குச்சி. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பனைமர உயரம், அதனால் அந்தப் பெயர்.

கோச் அவனை இழுத்து உள்ளே போட்டார். மடியில் கனமில்லாதவன் ஏன் ஓடுகிறான்?

தகுதிச் சுற்றில் அவர்கள் குரூப்பில் நான்கு நாடுகள். இரண்டு மேட்ச் ஜெயித்தாகிவிட்டது. நாளை டிரா செய்தாலே உலகப் போட்டிக்குப் போகலாம். இந்த நேரம் பார்த்து வயதுப் பரிசோதனைக் குலுக்கலில் இவன் பெயர் விழுந்து தொலைத்தது. மணிக்கட்டை ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பு முற்றியிருந்தால் வயது பதினேழைத் தாண்டிவிட்டதென்று அர்த்தம்; ஜெயித்த மேட்சும் போச்சு, அணியே வெளியே.

"உண்மையச் சொல்லு. வயசு என்ன?"

"பதினாறு சார். அம்மா மேல சத்தியம்."

"அப்புறம் எதுக்குடா ஜன்னல்ல தொங்கின?"

அவன் உதடு துடித்தது. அதற்கு மேலே அரும்பு மீசை. நேற்றுவரை அழகாக இருந்த மீசை, இன்று கோச்சுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், "இடது கைய நீட்டு தம்பி" என்றாள்.

வலது கையை நீட்டினான்.

"சோத்துக்கை இல்லப்பா. இடது."

"இதுலயே எடுங்கக்கா. ரெண்டும் என் கைதானே?"

"எல்லா நாட்டுக்கும் இடதுதான். உனக்கு மட்டும் தனிச் சட்டமா? உள்ள வா."

கதவு மூடியது. உள்ளே மெஷின் டக்டக்கென்று இடித்தது. கோச் கதவில் காதை வைத்தார்.

"பயப்படாதீங்க சார்" என்றார் பக்கத்தில் இருந்த உதவி கோச். "சின்னப் பயதான். ரெண்டு மேட்ச்லயும் ஒரு பந்தையாவது பிடிச்சானா? எல்லாம் ஒத்தக்கைக் குத்து. கேட்டா ஸ்டைலாம்!"

கோச்சுக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு திறந்தது. டாக்டர்.

"வயசுல பிரச்சினை இல்ல. எலும்பு இன்னும் முத்தல."

"அப்பாடா!" கோச் சுவரில் சாய்ந்தார். டாக்டருக்குப் பின்னால் ஒட்டடைக்குச்சி இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கண்ணெல்லாம் நீர்.

"சார், நாளைக்கு என்னை வெளிய உக்கார வெச்சுடாதீங்க சார்..."

"பைத்தியமாடா? அதான் பாஸாயிட்டியே!"

டாக்டர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை மெல்ல கோச் பக்கம் திருப்பினார்.

"முத்தலன்னுதான் சொன்னேன். நல்லா இருக்குன்னு சொல்லல. மணிக்கட்டு எலும்பு ரெண்டா ஒடைஞ்சிருக்கு. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."