சப்பாத்து முன்னே போனது

எண்பத்தேழாம் ஆண்டில் யோகநாதன் பட்டம் பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. வேலை மட்டும் கிடைத்தபாடில்லை. அரசாங்கம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த அவன் தாய் பூமணி அதை நம்பவில்லை. மகன் நேரம் பாராமல் வாசல்படி தாண்டியதுதான் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் என்பது அவளது தீர்மானம்.

ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்று அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. இதுவும் கைநழுவினால் இனி ஒரு விண்ணப்பமும் எழுதுவதில்லை, காப்பாரிலுள்ள மாமாவின் கோழிப்பண்ணைக்கே போய்விடுவது என்று அவன் மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டான். கோழிகளாவது அனுபவம் உண்டா என்று கேட்கமாட்டா.

பூமணி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். தேர்வு நாளான திங்கட்கிழமை அட்டமி. அதற்கும் பரிகாரம் இருந்தது. பயணம் போகிறவனுடைய பொருள் ஒன்றை முந்திய நாளே நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். வைப்பதை அந்த வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது பூமணி தானே சேர்த்துக்கொண்ட விதி. ஞாயிறு பகலில், மகனுடைய பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துகளை அடுத்த வீட்டு வாசலில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வந்தாள். காலையில் போகிற வழியில் அவன் மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

அடுத்த வீட்டு வேலாயுதத்துக்கும் அதே தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்திருந்ததையும், அவனுடைய ஒரே சோடிச் சப்பாத்தின் அடித்தோல் அன்றைக்கு முதல்நாள்தான் வாய் பிளந்ததையும் பூமணி அறியாள். வாசலில் கிடந்ததைக் கண்ட வேலாயுதம் நண்பனின் பெருந்தன்மையை எண்ணிக் கண்கலங்கினான். விடிந்ததும் அவற்றை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் போனான்.

குளியலறைச் சிலிப்பருடன் அடுத்த வீட்டுக்கு வந்த யோகநாதன், வெறும் வாசலைப் பார்த்து விழித்தான். வேறு ஏதேனும் தேடி வரலாம் என்று திரும்பியவனைப் பூமணி சன்னலிலிருந்தே தடுத்தாள்.

“திரும்பி வராதை, தம்பி. அது அட்டமியைவிட மோசம்.”

கழுத்தில் டை, காலில் நீல நிறச் சிலிப்பர். இந்தக் கோலத்தில் அவன் ஷா ஆலம் போய்ச் சேர்ந்தபோது, வேலாயுதம் தேர்வு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தான்.

“ரொம்ப தேங்க்ஸ் லா, யோகா. கொஞ்சம் டைட்டு, ஆனா நல்லா இருக்கு.”

கழற்றச் சொல்லி யோகநாதன் வாய் திறப்பதற்குள் உள்ளே அழைத்துவிட்டார்கள். கால்களை நாற்காலிக்கடியில் ஒளித்துக்கொண்டு அமர்ந்தான். மேசைக்கு அப்பால் இருந்த மூவரில் ஒருவர் பேனாவைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, சப்பாத்து எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது நேற்றே புறப்பட்டுவிட்டது என்று அவனும் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னான். பஞ்சாங்கம், அட்டமி, வேலாயுதத்தின் கால் என்று விளக்க விளக்க, மூவரும் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். மற்ற கேள்விகளைக் கேட்க ஒருவருக்கும் மூச்சு இல்லை.

சில நாள் கழித்து வேலாயுதத்துக்கு நியமனக் கடிதம் வந்தது. யோகநாதனுக்கு வந்ததோ வருத்தக் கடிதம். அதை வாசித்த பூமணி சிறிதும் அசையவில்லை.

“நேரம் பொய்க்கேல்லை. சப்பாத்துக்கு வேலை கிடைச்சிட்டுது.”

யோகநாதன் சிரிக்கத் தொடங்கினான். நாற்காலியில் சிரித்து, தரையில் சரிந்து சிரித்தான். பட்டம் வாங்கிய பின் அவன் இப்படிச் சிரித்ததே இல்லை. எழுந்தவன் காப்பாரையும் கோழிகளையும் மறந்து, தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினான்.

அடுத்த அழைப்பு செராஸிலிருந்து வந்தது. அந்த நாளும் ஆகாத நாள்தான். பூமணி அவனுடைய தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இனிச் சப்பாத்தை நம்பேலாது. நீயே போய் வேலாயுதம் வீட்டிலை படு.”

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யோகநாதன் நல்ல நேரத்தில் படியிறங்கினான்.