சகலன் வாங்கிய பென்டிரைவ்

மாமனார் ஆதம்பாவாவுக்குப் புதுப் பென்டிரைவ் பார்க்கப்படுகிறது என்பதை றினாஸ் பகல் சாப்பாட்டின்போதுதான் கேள்விப்பட்டான். மனைவி ஸம்றா ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“வாப்பாட பென் திரும்பயும் உடைஞ்சு பெய்த்தாம். ஸுஹைறாட மாப்பிள்ளதான் புதுசொண்டு பாக்கிறாராம்.”

“யாரு, அஸ்பாக்கா?”

“ஓம். வாப்பாதான் சொன்னவராம்.”

றினாஸ் பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினான். அவன் கல்முனையில் கணினி படிப்பிக்கிறவன். அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்த நாள் தொட்டு மாமாவின் போன், வீட்டு வைஃபை, வாசல் கமரா எல்லாம் அவன் கைக்குத்தான் வந்தன. அஸ்பாக் போன வருசம் இளைய மகளைக் கட்டி அதே வளவுக்குள் அடுத்த வீட்டுக்கு வந்தவன். பார்மசிக்காரன். அவனுக்குப் பென்டிரைவைப் பற்றி என்ன தெரியும்?

ஆதம்பாவாவுக்கு அந்தச் சாமான் இல்லாமல் ஒரு நாள் போகாது. வேனை ஸ்டார்ட் பண்ணும் திறப்புக் கோர்வையிலேயே கொழுவி வைத்திருப்பார். நாவிதன்வெளி வயலுக்குப் போகும்போது அதை வேனில் குத்திக் குர்ஆன் ஓதல் கேட்பார். காணி உறுதிப் பத்திரம், பெர்மிட் எல்லாம் ஸ்கேன் செய்து அதற்குள்தான் இருக்கும். பிரதி வேண்டிய இடத்தில் கடையில் கொடுத்து எடுப்பார். முதலாவது பென்டிரைவ் ஜுப்பாவோடு சேர்ந்து உடுப்புக் கழுவும் மெஷினுக்குள் போனது. இரண்டாவது மூடியைத் தொலைத்து, வாய்க்குள் உமித்தூசு அடைந்து செத்தது. மூன்றாவது வேனில் குத்தியிருந்தபடியே முழங்கால் பட்டு முறிந்தது.

மூன்றையும் கொடுத்தவன் றினாஸ்தான். எங்கோ பயிற்சிப் பட்டறைகளில் சும்மா கிடைத்தவை. மேசை லாச்சிக்குள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருந்தான். அது இப்போது நினைவுக்கு வந்து அவனை இன்னும் எரிய வைத்தது.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் வழக்கமாகக் கணினிச் சாமான் எடுக்கும் கடைக்குப் போனான். கடைக்காரன் ஜீவராஜ் பாண்டிருப்பு ஆள்.

“எங்கட சகலன் வந்தவரா?”

“ஓம் சேர், மாமாவும் கூட வந்தவர். நல்ல நேரம் நிண்டு பாத்தவங்க. ஒவ்வொண்டையும் கையில எடுத்து, திறப்பில கொழுவி, சேட் பொக்கட்டுக்க போட்டெல்லாம் பாத்தாங்க. பிறகு அங்கால கடையில ரெண்டு பேரும் பலூடா குடிச்சுக்கொண்டு இருந்தவங்க.”

மாமாவுக்குச் சீனி வருத்தம். அவர் பலூடா குடிப்பார் என்பதே றினாஸுக்குத் தெரியாது. அவனோடு அவர் ஒரு பிளேன்டீ கூடக் கடையில் குடித்ததில்லை.

“என்னத்தை வாங்கினவங்க?”

ஜீவராஜ் அதே வகையில் ஒன்றை எடுத்து வைத்தான். மூடியே இல்லாத ஒற்றை இரும்பு உடல். விரல் நுனியளவு நீளம். வேனில் குத்தினால் முழங்காலில் படுகிற அளவுக்கு வெளியே நீட்டாது. திறப்பில் கொழுவத் தடித்த வளையம். றினாஸ் அதில் ஒரு குறை தேடினான். மடிக்கணினியைத் திறந்து பெரிய வீடியோ ஒன்றை அதற்குள் ஏற்றினான். பெட்டியில் போட்டிருப்பது வாசிக்கிற வேகம்தான்; எழுதுகிற வேகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் அவன். சில பென்டிரைவ்கள் தொடக்கத்தில் பாய்ந்துவிட்டுப் பாதியில் நொண்டும். இதுவும் நொண்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நொண்டவில்லை.

“இதவிட நல்லது இரிக்கா?”

“இதுவே நல்லதுதானே சேர்.”

“இதவிட நல்லது.”

ஜீவராஜ் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டு வந்தான். தடித்த உலோக உடல், தண்ணீர் புகாதபடி றப்பர் வளையம், ஒரு முனை கணினிக்கு, மறுமுனை போனுக்கு. வேகம் இரட்டிப்பு. றினாஸ் யோசிக்காமல் வாங்கினான். வீட்டுக்கு வந்து மாமாவின் வேனுக்கு ஏற்றபடி அதை ஃபோமட் செய்து, அவர் விரும்பிக் கேட்கும் குர்ஆன் காரியின் ஓதலை ஒழுங்காக அடுக்கினான். அஸ்பாக்கின் கண் முன்னால் அதை மாமாவின் கையில் வைக்கும் காட்சியை அன்று பல தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வளவுக்குள் நின்றார்கள். மாமாவும் அஸ்பாக்கும் வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா, கடையிலேயே ஓதலும் காணிக் கடதாசியும் ஏற்றி வாங்கிய புதுப் பென்டிரைவை வேனில் குத்தினார். சத்தம் வரவில்லை. கழற்றி, ஊதி, மறுபடி குத்தினார். அஸ்பாக்கும் குத்திப் பார்த்தான். பிளேயரின் சின்னத் திரை வெறுமையாகவே இருந்தது.

ஏன் என்று றினாஸுக்கு உடனே விளங்கியது. கொள்ளளவு கூடிய புதுப் பென்டிரைவ்கள் வருகிற ஃபோமட் அந்தப் பழைய பிளேயருக்குத் தெரியாது. ஐந்து நிமிட வேலை. அவன் வாய் திறக்கவில்லை. பொக்கட்டுக்குள் கையை விட்டுத் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு, மாமா தன் பக்கம் திரும்புவார் என்று காத்து நின்றான்.

அவர் திரும்பவில்லை.

“பரவால்ல மகன்,” என்றார் அஸ்பாக்கிடம். “வேனுக்குத்தான் வயசு பெய்த்து. நாம கதைச்சுக்கிட்டுப் போவம்.”

றினாஸுக்குத் தாங்க முடியவில்லை. “மாமா, என்னத்துக்கு எனக்கிட்ட கேக்கல்ல?”

அஸ்பாக் மெல்ல வேனின் மற்றப் பக்கம் போய்விட்டான். ஆதம்பாவா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“கேட்டா நீங்க செஞ்சு தருவீங்க மகன். ஒரு நாளும் இல்லண்டு சொன்னதில்ல. ஆனா செய்யிற நேரம் உங்கட மொகத்தப் பாக்க ஏலா.”

அவர் தொப்பியை மடித்துப் பொக்கட்டுக்குள் வைத்தார்.

“ரெண்டாந்தரம் ஒண்டைக் கேட்டா மூச்ச இழுத்து உடுறீங்க. நான் கிழவன், ரெண்டு மூணு தரம் கேப்பன்தானே? அவருக்கும் ஒண்டும் தெரியா, எனக்கும் தெரியா. ரெண்டு பேருமாத் தேடித் திரிஞ்சம். அது நல்லா இரிந்திச்சு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் றினாஸ் திருப்பிக் கதைத்திருப்பான். அவன் கை பொக்கட்டுக்குள்ளிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

“அந்தப் பென்னத் தாங்க மாமா. சாமான் நல்லது. வேனுக்குத் தக்கதா மாத்தினாச் சரி.”

விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்தான். மாமா பக்கத்தில் வந்து இருந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் முதலில் கணினியில் பத்திரப்படுத்த வேண்டும் என்றான்.

“காணிக் கடதாசி அழிஞ்சிராதே?”

“அழியாது மாமா.”

“பெர்மிட்டும் இரிக்கி அதுக்குள்ள.”

“ஓம் மாமா, அதுவும் இஞ்ச வந்திட்டு. பாருங்க.”

“உறுதிதான் மகன் முக்கியம். அழிஞ்சிராதே?”

மூச்சு நெஞ்சு வரை ஏறி வந்தது. அதை அவன் மெதுவாக, சத்தம் வராமல் விட்டான். “அழியாது,” என்றான். உறுதியைத் திரையில் திறந்து, அவருடைய பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினான். அவர் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். அதற்குள் அஸ்பாக்கும் வந்து மறுபக்கம் இருந்தான். மாமா அவன் தொடையில் தட்டி, “விளங்கினதா மருமகன்? நம்ம ரெண்டு பேருக்கும் இது ஏலா,” என்று சிரித்தார். அந்த ‘நம்ம’ றினாஸுக்குச் சுருக்கென்று தைத்தது. குனிந்தபடியே வேலையை முடித்தான்.

வேனில் ஓதல் கேட்டதும் உள்ளேயிருந்து மாமி முனவ்வறா, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

தான் வாங்கியதை றினாஸ் ஸம்றாவிடம் கொடுத்தான். “ஆருக்கு வாங்கின?” என்று அவள் கேட்டாள். “உனக்குத்தான்,” என்றான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

வேன் புறப்படும்போது மாமா கண்ணாடியை இறக்கினார். “நீங்களும் வாறீங்களா மகன்?”

இதற்கு முன்னும் அவர் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறார். அப்போதெல்லாம் அவனுக்கு வேலை இருக்கும்.

“ஓம், வாறன்.”

முன் இருக்கையில் அஸ்பாக் இருந்தான். “காக்கா, நீங்க முன்னுக்கு வாங்களன்,” என்று மூத்த சகலனுக்கு இடம் விட்டு இறங்கப் பார்த்தான். வேண்டாம் என்று றினாஸ் பின்னால் ஏறினான். ஊரைத் தாண்டியதும் வயற்காற்று சன்னலால் அடித்தது. முன்னால் இருவரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். பாதிதான் கேட்டது. அவன் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டி, “என்ன மாமா சொன்னீங்க?” என்று கேட்டான்.