அப்போதிக்கரியாரின் ஈரச்சால்வை

வளைகுடாவில் சண்டை மூண்ட தை மாதத்தில், ஈராக்கில் இருந்தவர்களைவிட ஏழாலையில் அதிகம் பயந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி சீவரத்தினம்தான். சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டுச் செய்தி கேட்பார். அங்கே பேசப்படும் நச்சுவாயு நாளைக்கு இங்கேயும் விழும் என்று மறுநாள் வாசிகசாலையில் கூட்டம் கூட்டுவார்.

“காஸ் அடிச்சால் கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கும். வாயாலை வீணி வடியும், மூச்சு முட்டும். ஈரத்துணியை மூக்கிலை கட்டிக்கொண்டு பங்கர்க் குழிக்குள்ளை இறங்குங்கோ. வெளியிலை ஆர் கூப்பிட்டாலும் வரக்கூடாது. நான் கூப்பிட்டாலும் வரக்கூடாது!”

மாற்று மருந்தான அற்றோபின் தன் அலுமாரியில் இருப்பதையும், வாய் காயும்வரை அதை ஏற்றவேண்டும் என்பதையும் சொல்லி முடிப்பார். யாராவது கொட்டாவி விட்டால் அதையும் நோய்க்குறியாக்கி இன்னும் கொஞ்சம் பேசுவார். மனைவி குணலட்சுமி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. வீட்டில் கேட்பதே அவளுக்குக் காணும்.

ஒரு காலை வெங்காயத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனவர், ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று ஈரச்சால்வையை முகத்தில் கட்டிக்கொண்டார். எதிர்க்காற்றில் மருந்து முழுவதும் சால்வையில் ஊறியது. பூச்சிமருந்தும் போர்க்களத்து வாயுவும் ஒரே குடும்பம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், அதைத் தன் மூக்குக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

சற்று நேரத்தில் கண் மங்கியது. வாயில் நீர் சுரந்தது. மேலே ஓர் இராணுவ ஹெலிகொப்டர் போய்க்கொண்டிருந்தது. தான் சொன்னது பலித்துவிட்டது என்று அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

“காஸ்! காஸ்! ஓடுங்கோ!”

ஊர் முதன்முறையாக அவர் சொல் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து மார்க்கண்டு குடும்பத்தோடு பங்கருக்குள் பாய்ந்தான். சீவரத்தினம் வெங்காயப் பாத்தியில் விழுந்தார்.

“மார்க்கண்டு, என்னைத் தூக்கடா!”

“அண்ணை, நீங்கள் கூப்பிட்டாலும் வரவேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

மூச்சு நெஞ்சுக்குள் அடைத்தது. சாகப்போகிறோம் என்று உண்மையாகவே பயம் பிடித்தது. இவ்வளவு நல்ல மாணாக்கர்களை உருவாக்கியிருக்க வேண்டாமே என்று நொந்துகொண்டார்.

சத்தம் கேட்டு வந்த குணலட்சுமி சுற்றிலும் பார்த்தாள்.

“ஆடு நிண்டு மேயுது, காகம் கத்துது. உங்களுக்கு மட்டுமே காஸ் அடிச்சவங்கள்?”

பூச்சிமருந்து நாறிய சால்வையை இழுத்து எறிந்தாள். சட்டையைக் கழற்றி, வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். வீட்டுக்கு ஓடி ஊசியும் மருந்தும் கொண்டுவந்தாள். அவருக்கு ஊசி காய்ச்சிக் கொடுத்துப் பழகிய கை, இப்போது அவர் தொடையிலேயே ஊசியை ஏற்றியது.

“வாய் காஞ்சிட்டுதே?”

இல்லை என்று தலையாட்டினார். மறுபடி ஏற்றினாள், அழுதுகொண்டே மறுபடி கேட்டாள். கடைசியில் அவர் தலை மேலும் கீழும் அசைந்தது.

ஒவ்வொருவராகப் பங்கரை விட்டு ஏறி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை எடுத்து வந்த மார்க்கண்டு குனிந்து கேட்டான்.

“அண்ணை, இது என்ன காஸ்? ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ.”

சீவரத்தினம் வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை.

குணலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“மனிசன் கதைக்கேல்லை. தப்பியிட்டார்.”