இழுக்கும் கை

மலேசியாவின் உலு திராமில், சுப்ஹான் தே தாரிக் என்னும் நுரைத் தேநீரை ஆற்றி இழுப்பதை நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. இடது கை தலைக்கு மேலே போகும். வலது கைக் குவளை இடுப்புக்குக் கீழே இறங்கும். நடுவில் தேநீர் கயிறாகத் தொங்கும். ஒரு சொட்டு சிந்தாது.

இதயம் விட்டுவிட்டு அடித்ததால் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். வைக்குமுன் நர்ஸ் கேட்டாள், எந்தக் கை பழக்கம் என்று. தூடோங் முக்காடு அணிந்த பெண். அவளிடம் கழுவுகிற இடது கையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தக் கையால் சோற்றைத் தொட்டதற்கு வாப்பாவிடம் வாங்கிய அடி கொஞ்சமா? "வலது" என்றார். பெட்டியை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

பெட்டியின் ஒயர் இதயத்தில் நன்றாகப் பிடிக்கும்வரை இடது கை தோளுக்கு மேல் போகக் கூடாது என்றார் டாக்டர்.

கடை, மனைவி மஜீதாவின் வாப்பா விட்டுப்போனது. நடத்துவது அவள் தம்பி அக்பர். சுப்ஹானுக்கு அதில் இருந்த ஒரே பாத்தியதை அந்தக் கைதான்.

வலது கையால் இழுத்துப் பார்த்தார். பாதி தரையில், மீதி விரலில்.

"கஸ்டமர் இனிமே தரையை நக்கித்தான் குடிக்கணும் லா," என்றான் அக்பர். சமையல்கட்டு சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் நெரிந்தபோது, அக்பர் கல்லாவில் இருந்தபடியே சொன்னான்.

"பாலோவிலிருந்து ஒருத்தன் வர்றான் மச்சான். நல்லா இழுப்பானாம். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"டாக்டர் சொன்ன நாள் முடியட்டும். நானே இழுக்கிறேன்."

"அதுவரைக்கும் எல்லாரும் வாயைத் தொறந்துட்டு உட்கார்ந்திருப்பாங்களா? முடிஞ்சா இப்ப இழுங்க. அவனை வர வேணாம்னு சொல்லிடறேன்."

சுப்ஹான் மனைவியைப் பார்த்தார். அவள் ரொட்டி மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல உட்கார்ந்தா என் உயிரத்தான் எடுப்பீங்க," என்றாள்.

அவர் குவளையை எடுத்தார். இடது கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தேநீர் கயிறாக இறங்கியது. மேசைகள் கை தட்டின. ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார்.

அப்போது விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தார். நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் விலாவுக்குக் கீழே வெட்டி இழுத்தது. சட்டை ஆடியது.

"யாரோ உங்கள நெனைக்கிறாங்க மச்சான்," என்றான் அக்பர். "பாலோக்காரனாத்தான் இருக்கும்!"

மேசையில் ஒருவன் விக்கிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

நிற்காத விக்கல் வந்தால் ஒயர் நகர்ந்திருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது மஜீதாவும் கூடத்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் கை மாவில் நின்றது. ஆடும் சட்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவள் போதும் என்று சொல்லிவிட்டால் குவளையை வைத்துவிடலாம். தானே வைத்தால் பாலோக்காரன் வந்துவிடுவான். சொல்லேன் என்று அவர் கண் கெஞ்சியது.

மஜீதா அடுத்த உருண்டையை எடுத்தாள்.

"ஆறாம் மேசைக்கு நாலு தே தாரிக்," என்றாள். "நுரை நிறைய வேணுமாம்."

நுரை வேண்டுமென்றால் உயர இழுக்க வேண்டும். சுப்ஹான் கையைத் தூக்கினார்.