இருநூற்றுப் பன்னிரண்டாவது கிடங்கு

அண்ணி என் அலுவலகத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓடினேன். அவளோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன் கேம்ல அந்த இருநூத்திப் பன்னிரண்டுக்கு ஒரு துப்பு சொல்லேன். உன்கிட்ட கேட்டேன்னு காட்டிக்க மாட்டேன். பேச்சுவாக்குல எடுத்து விட்டுடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"பத்தொன்பது நாளா அதுலயே நிக்கறாரு. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்துல போன்தான். ஆனா இப்பல்லாம் தானா எழுந்து ஷேவ் பண்ணிக்கறாரு. அதுக்காகத்தான் வந்தேன். இதுவும் முடியலன்னு படுத்துட்டாருன்னா, மறுபடி எழுப்ப என்கிட்ட தெம்பு இல்ல."

சாயந்தரம் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

என் வேலை புதிர் விளையாட்டுகளுக்கு லெவல் போடுவது. சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று முடித்துக்கொள்வேன், இல்லையென்றால் 'இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா' என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்த விளையாட்டில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு. கட்டியை ஒரு தள்ளு தள்ளினால் எதிலாவது முட்டும்வரை வழுக்கிக்கொண்டே போகும். நான்கு கட்டிகளையும் நான்கு குழிகளில் இறக்கினால் கதவு திறக்கும், அடுத்த கிடங்கு. நான் எப்போதும் முடிவிலிருந்து பின்னோக்கித்தான் போடுவேன். கட்டிகளை முதலில் குழிகளில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்து இழுத்து, ஆள் குழம்புகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். அதனால் நான் போட்ட லெவலுக்கு வழி இருந்தே தீரும் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் முன்பு ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் விழுந்து முதுகெலும்பில் அடி. நடக்கிறான், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நிற்க முடியாதவனுக்கு அந்தத் தொழிலில் இடமில்லை. வேறு எங்கே கேட்டாலும் வயதைக் கேட்டார்கள், பிறகு முதுகைக் கேட்டார்கள். அவன் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தபோதுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: எங்கள் ஆபீஸில் லெவல்களைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள், நீ செய்கிறாயா. அவனும் நோட்டுப் போட்டு ஒவ்வொரு கிடங்குக்கும் குறிப்பு எழுதினான். இரண்டு மாதம் கழித்து, அந்த நோட்டு என் பையிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டான். அப்படி ஒரு வேலையே இல்லை என்று புரிந்துகொண்டான். விளையாட்டை மட்டும் விடவில்லை.

அண்ணி போனதும் இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன். என் கைக்கு அது மனப்பாடம். மூன்று கட்டிகளை இறக்கிவிட்டு நான்காவதை வலப்பக்கம் தள்ளினேன். அது நடுவழியில் கிடந்த சாக்கின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது.

சாக்கு முதலில் வெறும் அலங்காரம்தான், பனிக்கட்டி அதைத் தாண்டி வழுக்கிப் போகும். பிறகு யாரோ கேட்டார்கள் என்று, சாக்கில் பட்டால் கட்டி ஒட்டிக்கொள்ளும் என்று விதியை மாற்றினோம். விதி மாறினால் பழைய லெவல் எல்லாவற்றையும் போட்டவரே கையால் ஆடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நூற்றுத் தொண்ணூறு வரை ஆடினேன். அப்போது பசி. மிச்சமெல்லாம் அதே மாதிரிதானே என்று வரிசையாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

புரோகிராமரிடம் சொன்னேன். அவன் எல்லா நகர்த்தல்களையும் தேடிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினான். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: வழிகள், பூஜ்யம். லெவலைச் சரிசெய்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவருக்கு 'ஆகட்டும்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் ஆகட்டும் பார்க்கலாம் என்பார். அன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

"அந்த கேமை மாசக் கடைசியில எடுக்கறோம்மா. இடிக்கப் போற வீட்டுக்கு யாராவது வெள்ளை அடிப்பாங்களா? அவ்வளவு தூரம் ஆடினவங்களே முந்நூறு பேர் இருப்பாங்க."

"அதுல ஒருத்தர் எங்க அண்ணன் சார்."

"வழி இல்லன்னு சொல்லிடு. உன் அண்ணன்தானே, புரிஞ்சுக்குவாரு."

சாயந்தரம் போனபோது அண்ணன் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். முகம் வழவழவென்று இருந்தது, காதோரம் ஒரு வெட்டுக்காயம். நான் மென்று விழுங்காமல் நேராகவே சொன்னேன்.

"அண்ணா, அந்த லெவலுக்கு வழி கிடையாது. தப்பு என்மேலதான். நான் சரியாப் பார்க்கல."

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "யாரு, உங்க அண்ணி வந்து அழுதாளா?"

"இல்லண்ணா, நிஜமாத்தான் சொல்றேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாச்சு. இங்க பாரு, பூஜ்யம்."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தான்.

"பாப்பா, ஆள் தேடறாங்கன்னு சொன்ன. சரின்னு செஞ்சேன். இப்ப வழியே இல்லங்கற. நான் தோத்துடுவேன்னு நீ முந்திக்கற, அவ்வளவுதான்." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் பார்த்திருக்கேன். உள்ள மாட்டினவங்க எல்லாருமே கதவு திறக்காதுன்னுதான் கத்துவாங்க. வெளியில நிக்கறவனும் அதையே சொன்னா எப்படி?"

சாக்கு, விதி, கையெழுத்து, பசி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே கட்டுக்கதையாகக் கேட்டது. ஒரு முறை பரிதாபப்பட்டுப் பொய் சொன்னவள், மறுமுறை உண்மையை எந்த முகத்தோடு சொல்வது? அழுகை வந்தது. அதையும் அவன் பரிதாபக் கணக்கில்தான் சேர்த்திருப்பான்.

"இப்படி வா, உட்காரு. எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு பாரு."

தலையணைக்கடியிலிருந்து வேறொரு நோட்டை எடுத்துப் பிரித்தான். பத்தொன்பது நாள், நாற்பதுக்கும் மேல் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் கிடங்கின் கட்டங்கள், பென்சில் அம்புகள். மூன்றாவது கட்டியை இறக்க நான் போட்டு வைத்த வழியில் பதினொரு தள்ளல். அவன் ஏழே தள்ளலில் இறக்கினான். போட்டவளான எனக்கே தோன்றாத வழி. சோதிக்க நிஜமாகவே ஆள் எடுத்திருந்தால் இவனைத்தான் எடுத்திருக்க வேண்டும், இந்த ஓட்டையை இவன் முதல் நாளே பிடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வலது பக்கம் போனா சாக்குல மாட்டுது. அதை விட்டுட்டேன்," என்றான். "இந்த இடது சந்து இருக்கே, இதுலதான் ஏதோ இருக்கு. சும்மா வெச்சிருக்க மாட்டாங்க."

சும்மா வைக்கவில்லைதான். ஆளை ஏமாற்ற நானே வைத்த பொய்ச் சந்து அது. வழி இருப்பது போலவே தெரியும்படி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செதுக்கியது.

அண்ணி கையில் தண்ணீர்ச் சொம்போடு கதவோரம் வந்து நின்றாள். அண்ணன் கட்டைவிரலைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"போட்டவ நீதானே. முழுசாச் சொல்ல வேண்டாம். இடதா, மேலயா? அது மட்டும் சொல்லு."

அண்ணியின் கண்கள் என்மேலேயே இருந்தன.

"இடதுண்ணா," என்றேன்.

"அப்படி வா வழிக்கு," என்று சிரித்தான், தள்ளினான். கட்டி சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போய், கடைசி மூலையில் டக்கென்று முட்டி நின்றது. அவன் முகம் வாடவில்லை. நோட்டில் ஓர் அம்பு போட்டுவிட்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டு, 'முதலிலிருந்து' என்ற பொத்தானை அழுத்தினான். நான்கு கட்டிகளும் அதனதன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றன.