தூள் மணக்கிற ஜாக்கெட்

மே பதினாறாம் திகதி, விடியக் காலமை ஐந்து மணிக்கு, கோகிலா ஈரப்புல்லுக்குள் குப்புறப் படுத்திருந்தாள். நெஞ்சு அடித்த அடியில் கையிலிருந்த வேட்டைத் துவக்கே துள்ளும் போலிருந்தது. பக்கத்தில் மச்சாள் நிஷாந்தி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி இஞ்சி இனிப்பை வாய்க்குள் உருட்டிக்கொண்டு கிடந்தாள்.

டென்மார்க்கில் கிடாய்மான் வேட்டை தொடங்குகிற நாள் அது. ஆட்டுக்கடா அளவு நிற்கும் சின்ன மான்தான். ஆனால் அதற்காக இந்த நாட்டுக்காரர் லீவு போட்டு, பூட்சுக்கு மெழுகு தேய்த்து, முதல் நாள் இரவு நித்திரை கொள்ளாமல் கிடப்பார்கள். கோகிலாவும் கொள்ளவில்லை.

கோகிலாவுக்கு நாற்பத்துநாலு வயசு. கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. நிஷாந்தி அவளுடைய புருசன் தவராஜாவின் தங்கச்சி, கோல்டிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை. வேட்டைப் பைத்தியம் முதலில் பிடித்தது நிஷாந்திக்குத்தான். வேலைத் தோழி ஒருத்தியோடு ஒருநாள் சும்மா பார்க்கப் போனவள், வந்த கையோடு மச்சாளையும் இழுத்துக்கொண்டு போய் வேட்டைப் பரீட்சைக்குப் பதிந்துவிட்டாள். தவராஜா வயிறு வலிக்கச் சிரித்தான். "பல்லியைக் கண்டால் கதிரையிலை ஏறி நிக்கிறவள் மான் சுடப் போறாளாம்!" அந்தச் சிரிப்புக்காகவே கோகிலா முதல் தரத்திலேயே பாசாகிக் காட்டினாள்.

இவர்கள் வேட்டைக்குப் போகிற காணி கார்ஸ்டன் என்ற கமக்காரனுடையது. தெற்கே வயலும், வேலியோரம் நத்தாருக்கு விற்க அவன் நட்ட கிறிஸ்மஸ் மரக்கன்றுகளும். அதற்கு வடக்கே ஊசியிலைக் காடு. காட்டுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய புல்வெளி. வருசத்துக்கு ஒரு கிடாய் சுடலாம் என்று இவர்கள் இரண்டு பேருக்கும் விட்டிருந்தான். முதல் வருசம் நிஷாந்தி தும்மினாள், மான் போய்விட்டது. போன வருசம் கோகிலாவின் கை நடுங்கியது, அவள் சுடவேயில்லை. கிடாய்களோ கொம்பைக் கன்றுகளில் உரஞ்சி உரஞ்சிப் பட்டையை உரித்துக்கொண்டே இருந்தன.

நேற்றுப் பின்னேரம் கார்ஸ்டன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "என்ரை மருமகன் வேட்டைக்கு இந்தக் காணியைக் கேக்கிறான். நாளைக்குப் பத்து மணிக்குள்ளை ஒரு கிடாய் முற்றத்திலை கிடந்தால் காணி உங்களுக்கு. இல்லாட்டி அவனுக்கு."

கோகிலாவுக்கு அது சும்மா காணி இல்லை. பத்தொன்பது வருசம் மெசினுக்கு முன்னால் நின்று, வீட்டுக்கு வந்தால் அடுப்புக்கு முன்னால் நின்றவள். யாரும் "அம்மா", "கோகிலா" என்று கூப்பிடாமல், வாயை மூடிக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருக்க உலகத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். இதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"மச்சாள்!" நிஷாந்தி குசுகுசுத்தாள். "வந்திட்டார்!"

காட்டு விளிம்பில் கிடாய் நின்றது. செம்பு நிறம், காதுக்கு மேலே போன கொம்பு. கோகிலா துவக்கைத் தோளில் வைத்தாள். இன்னும் இருபது அடி வெளியே வந்தால் போதும். வாடா ராசா, வாடா.

கிடாய் மூக்கைத் தூக்கியது. நேரே இவர்களைப் பார்த்தது. நாய் குரைப்பதுபோல இரண்டு தரம் குரைத்துவிட்டு, வந்த வழியே காட்டுக்குள் பாய்ந்தது.

"அறுவான்!" என்றாள் கோகிலா. "நான் அசையேல்லையடி. நீ தும்மினியோ?"

நிஷாந்தி மூக்கை உறிஞ்சினாள். மச்சாளின் தோளுக்குக் கிட்ட வந்து இன்னொரு தரம் உறிஞ்சினாள். "மச்சாள், உங்களிலை ஒரு மணம் வருது."

"காட்டு மணம்."

"கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் போட்ட காடோ? உண்மையைச் சொல்லுங்கோ, நேற்று எங்கை கறித்தூள் வறுத்தனீங்கள்?"

கோகிலா ஜாக்கெட் கையை மோந்து பார்த்தாள். வேறெங்கே, கராஜில்தான். வீட்டுக்குள் வறுத்தால் சோபா, திரைச்சீலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் மூன்று கிழமை மணக்கும் என்று இங்கே எங்கடை சனம் கராஜ் கதவை அரைவாசி திறந்து வைத்துத்தானே தூள் வறுக்கிறது. மான் சுட முதலே சனிக்கிழமை மான்கறிச் சாப்பாட்டுக்கு முப்பத்தைந்து பேருக்குச் சொல்லியாயிற்று. அதற்காக இரண்டு கிலோ செத்தல்மிளகாய் கறுக்கக் கறுக்க வறுத்தாள். வேட்டை ஜாக்கெட்டும் அதே கராஜில், அதே அடுப்புக்கு மேலே, ஆணியில் தொங்கியது.

"ஐயோ கடவுளே." காற்று தெற்கிலிருந்து அடித்தது. அவளுடைய முதுகைத் தடவி நேரே காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. "மானுக்குச் சாப்பாடே அனுப்பியிருக்கிறன்."

நிஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கோகிலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. "சிரி, சிரி. காணி போகப் போகுது, உனக்குச் சிரிப்பு."

"காணி போகாது." நிஷாந்தி சட்டென்று எழும்பி உட்கார்ந்தாள். கண் மினுங்கியது. "அந்த மணத்துக்கு அவர் பயப்பிடுறார் எல்லோ? அப்ப மணத்தை இங்கை விட்டிட்டு நாங்கள் அங்காலை போவம். ஜாக்கெட்டைக் கழட்டுங்கோ!"

அவள் கை காட்டியது காட்டுக்குப் பின்பக்கத்தை. கோகிலாவுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கியதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. மணம் தெற்கிலிருந்து காட்டுக்குள் போனால், கிடாய் வடக்கால் வெளியே வரவேண்டும். அங்கே காற்று காட்டிலிருந்து இவர்களை நோக்கி அடிக்கும், இவர்களின் மணம் அதற்குப் போகாது. விசர்க் கதைதான். ஆனாலும் கழற்றினாள். வேலிக் கட்டையில், காற்றுக்குக் கையை விரித்தபடி, ஜாக்கெட்டைத் தொங்கவிட்டார்கள்.

காட்டைச் சுற்றிப் போக முக்கால் மணித்தியாலம். மே மாதம் என்று பெயர்தான், குளிர் எலும்பைத் தொட்டது. நிஷாந்தி தன்னுடைய கம்பளிச் சால்வையை மச்சாளின் ரீசேட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டாள். புல்வெளி ஓரத்தில் சின்ன மேடொன்றில் படுத்தார்கள். எதிரே காட்டு விளிம்பில் ஆள் உயர மண்ணணை. குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான் போகும்.

ஏழு மணி. ஏழரை. எட்டு. ஒரு முயல் வந்து போனது. கோகிலாவின் விரல் மரத்துப்போயிற்று.

எட்டேகாலுக்கு நிஷாந்தி அவளுடைய முழங்கையைக் கிள்ளினாள்.

கிடாய் அணைக்கு முன்னால் நின்றது. அதே செம்பு நிறம், அதே கொம்பு. நாலு அடி வைக்கும், கழுத்தைத் திருப்பிக் காட்டைப் பார்க்கும், தும்மும், இன்னும் நாலு அடி வைக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அதற்கு நேரமில்லை. பிறகு பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நின்றது.

போன வருசம் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை. கோகிலா மூச்சை அரைவாசி விட்டாள். சுட்டாள்.

கிடாய் பத்தடி ஓடி, முன்னங்கால் மடங்கி விழுந்தது. பிறகு அசையவில்லை. நிஷாந்தி எழும்பப் பார்த்தாள். கோகிலா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். பத்து நிமிசம் காத்திருக்கவேண்டும், அது முறை. அந்தப் பத்து நிமிசமும் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கிடந்தார்கள்.

கிட்டப் போனதும் கோகிலாவுக்கு அழுகை வந்தது. ஏனென்று அவளுக்கே தெரியாது, சந்தோசம் பாதி, பாவம் பாதி. ஒரு சின்னக் கொப்பை முறித்து, கடைசி வாய்ச் சாப்பாடாக, இந்த நாட்டு வேட்டைக்காரர் செய்கிற மாதிரி கிடாயின் வாயில் வைத்தாள். பிறகு தன் பழக்கத்தில் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிஷாந்தி அதுவரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு மச்சாளைக் கட்டிப் பிடித்து அவள் போட்ட கூச்சலில் காகமெல்லாம் கலைந்தது.

குடலெடுத்துச் சுத்தம் செய்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கார்ஸ்டனின் முற்றத்துக்கு வரும்போது மணி பத்துக்குப் பத்து நிமிசம். கார்ஸ்டன் படியில் நின்றான். கையை நீட்டி, இரண்டு விரலால் கோகிலாவின் ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

வேட்டைக்கு மணத்தோடு வந்தது பிழை. அதைக் காணியில் தொங்கவிட்டது அதைவிடப் பெரிய பிழையோ? கோகிலா கிடாயை அவனுடைய காலடியில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கராஜையும் சொன்னாள், முப்பத்தைந்து பேரையும் சொன்னாள்.

கார்ஸ்டன் கிடாயைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். ஜாக்கெட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து, தும்மினான்.

"காலமை முழுக்க என்ரை கன்றுக்குக் கிட்ட ஒரு மானும் வரேல்லை," என்றான். "காணி உங்களுக்கு. மருமகனுக்கு நான் சொல்லுறன். ஆனால் இது வேலியிலையே தொங்கட்டும்."

"எங்களுக்கு மான் வராமல் போயிடுமே!" என்று நிஷாந்தி பதறினாள்.

"இந்தப் பக்கம் வராது. காட்டுக்குப் பின்பக்கம், உங்களிட்டை வரும்." படியேறப் போனவன் நின்று திரும்பினான். "மணம் குறைஞ்சால் என்ன செய்யிறது?"

"கொண்டு வாங்கோ," என்றாள் கோகிலா, குளிரில் பல் கிடுகிடுக்க, வாய் நிறையச் சிரித்தபடி. "திரும்ப வறுத்துத் தாறன்."