பியோனிக்கு வந்த மூச்சிரைப்பு

வெல்டா ஹட்சின்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒக்லஹோமாவில், டல்சா நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் வீட்டுப் பின்னறையில் பன்னிரண்டு மலைப்பாம்புகள் இருந்தன. எல்லாம் பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது இனம். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முட்டையை விட்டு வெளியே வந்த நாளைக் கணக்கிட்டுப் பிறந்தநாளும் உண்டு. மூத்தவள் பியோனிக்கு வயது இருபத்து மூன்று. வெல்டாவின் கணவன் டுவைட் டிவியில் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்தால், அவன் சட்டைக்குள் புகுந்து தூங்கிவிடுவாள்.

பியோனியிடமிருந்து இன்னும் ஒரே ஒரு ஈடு முட்டை எடுத்துவிட வேண்டுமென்று வெல்டாவுக்கு ஆசை. டிசம்பரில், அர்கன்சாவில் இருந்த தெரிந்தவர் ஒருவரிடம் ஆண் பாம்பை இரவல் வாங்கி வந்தாள். புதிதாக வரும் பாம்பை மூன்று மாதம் வேறு அறையில் வைக்க வேண்டும். தன்னிடம் குட்டி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் விரலை ஆட்டி இதைச் சொல்கிறவள் அவள்தான். ஆனால் இணை சேரும் பருவம் போய்க்கொண்டிருந்தது. வந்தவனோ கொழுகொழுவென்று, நன்றாக இரை எடுத்துக்கொண்டு இருந்தான். பதினைந்தாம் நாளே அவனைப் பியோனியின் பெட்டியில் விட்டாள்.

பிப்ரவரியில் பியோனி தலையை மேலே தூக்கி, வாயை லேசாகத் திறந்தபடியே இருக்க ஆரம்பித்தாள். மூச்சு விடும்போது டிக் டிக்கென்று சத்தம். வாயோரம் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு இழை தொங்கியது.

மருத்துவர் வாய்க்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து அனுப்பினார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நுரையீரலைத் தாக்கும் வைரஸ், மருந்து கிடையாது.

"புதுசா ஏதாவது வீட்டுக்குள்ள வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு டாக்டர்."

"எத்தனை நாள் தனியா வச்சிருந்தீங்க?"

வெல்டாவுக்கு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. "பத்தாது," என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பும் வழியில்தான் பிஸ்கட்டின் நினைவு வந்தது. பியோனியின் மகள் பிஸ்கட்டை, ஜனவரியில் தோழி நோரீனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தாள். இருவருக்கும் பத்தொன்பது வருடப் பழக்கம். கணவன் இறந்தபின் தனியாக இருந்த நோரீன் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பாம்புகள்.

"ஒண்ணும் ஆகாமகூட இருக்கலாம்," என்றான் டுவைட். "நீயா போய் ஏன் மாட்டிக்கிற? நம்ம பேரு நாறிடும்."

"அவ தினமும் அத்தனையையும் கையில வச்சுக் கொஞ்சுவா, டுவைட்."

"தெரியும். எனக்கும் நோரீனைப் பிடிக்கும். ஆனா..."

"ஆனா என்ன?"

அவன் டிரக் சாவியை எடுத்து நீட்டினான்.

வெல்டா குளித்து, துவைத்த உடை போட்டுக்கொண்டு போனாள். அப்படியும் நோரீன் வீட்டுத் தபால் பெட்டியைத் தாண்டி உள்ளே போகவில்லை. நோரீன் வாசலுக்கு வந்து சிரித்தாள்.

"என்னடி, கடன்காரி மாதிரி அங்கயே நிக்கிற? காபி சூடா இருக்கு. வந்து உன் பேத்தியைக் கொஞ்சிட்டுப் போ."

"கிட்ட வராத நோரீன். பியோனிக்கு வைரஸ். பிஸ்கட்டுக்கும் வந்திருக்கலாம்."

நோரீனின் சிரிப்பு நின்றது. "அந்தப் பயலை எத்தனை நாள் தனியா வச்ச?"

"பதினஞ்சு."

"எனக்குத் தொண்ணூறு நாள்னு பாடம் எடுத்தவ நீ."

"ஆமா."

"பிஸ்கட்டைத் தனியா வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல வெல்டா. நீ குடுத்ததாச்சேன்னு நேரா எல்லாத்தோடயும் வச்சிட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச்சில் பியோனிக்கு மூச்சு விடுவதே பெரும்பாடானது. இனி வதைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். ஊசி போடுமுன் டுவைட் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி அவளை உள்ளே விட்டுக்கொண்டான். அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தான். அதன்பின் கோடை முடிவதற்குள் இன்னும் ஐந்து போயின. நோயைச் சுமந்து வந்த அந்த இரவல் ஆணோ கடைசிவரை இருமக்கூட இல்லை. அவனைத் திருப்பி வாங்கிக்கொள்ள அர்கன்சாக்காரர் மறுத்துவிட்டார். பாம்பு வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் வெல்டா, நாள் கணக்கு உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கொலைகாரி என்றார்.

மே மாதம் நோரீனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பிஸ்கட் போயிட்டா. என் ஹேசலும்." வெல்டா எழுதிய பதிலுக்கு மறுபதில் இல்லை.

செப்டம்பரில் ஒரு மதியம், பள்ளி விடக் காத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

"உன்கிட்ட எத்தனை மிச்சம்?" நோரீன்தான்.

"அஞ்சு. அந்தப் பயலோட ஆறு. யாருக்கும் குடுக்க மாட்டேன். இனி முட்டையும் வைக்க விடமாட்டேன்."

"சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுதுங்க. உன்னோடது?"

"நாலுக்கும் மூணாவது டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. உன் மேல கோபம் இன்னும் போகல வெல்டா."

"போக வேண்டாம்," என்றாள் வெல்டா. "நீ ஃபோனை வைக்காம இரு. அது போதும்."

நோரீன் வைக்கவில்லை.